வழக்கில் தரப்பினர் அல்லாதவர் தீர்ப்பையும் அரசுக் கோப்பையும் பெற முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் ஊர் ஏரிப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி உயர் நீதிமன்றம் சில ஆண்டுகளுக்கு முன் உத்தரவிட்டதாக ஊரில் பேச்சு இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவை எவரும் கண்ணால் கண்டதில்லை. வழக்கில் நீங்கள் தரப்பினர் அல்லர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்கு எழுதியபோது, நீதிமன்ற விதிகளின்படி விண்ணப்பிக்குமாறு பதில் வந்தது. வருவாய்த் துறை அலுவலகமோ கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. பொது ஆவணம் என்று சட்டமே சொல்லும் ஒன்று பொதுமக்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்றும், கிடைத்தால் அதை ஊரில் வெளிப்படையாகக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தீர்ப்பை நீங்கள் பெறலாம். அதற்கு எவரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் பணச் செலவும் இராது. அதே வழக்கில் தாக்கலான மனுக்கள், எதிருரைகள், இணைப்பு ஆவணங்கள் ஆகியவற்றைப் பெற வேண்டுமானால் நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு கொடுத்து, அவை உங்களுக்கு எதற்கு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். வருவாய்த் துறையின் கோப்பும் வரைபடமும் அறிவிப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முழுமையாக வருபவை. அங்கே 'கிடைக்கவில்லை' என்பது சட்டம் ஏற்கும் மறுப்பு அன்று. இந்த மூன்றையும் ஒரே மனுவில், ஒரே சட்டத்தின் பெயரால் கேட்பதால்தான் பலருடைய முயற்சி முதல் படியிலேயே நின்றுபோகிறது. எந்தத் தாளை எந்தச் சட்டம் ஆள்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் தீர்ப்பைப் பற்றிச் சொல்கிறேன். நீதிமன்றங்கள் திறந்த மன்றங்களாகவே இயங்க வேண்டும் என்பது நம் நாட்டில் நிலைபெற்ற கொள்கை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவும், குற்றவியல் வழக்குகளுக்கு இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன. 1966-இல் மிராஜ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பொதுமக்கள் பார்வையில் நடக்கும் விசாரணையே நீதி நிர்வாகத்தின் மீதான நம்பிக்கைக்கு அடிப்படை என்று விளக்கியதோடு, விதிவிலக்கான சூழலில் அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. திறந்த மன்றத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு அதன் பிறகு இரகசியமாக இருக்க முடியாது. பதிப்புரிமையும் தடையாகாது: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நீதிமன்றமே தடை செய்திருந்தாலன்றி, தீர்ப்பையோ உத்தரவையோ எவரும் மறுபதிப்பு செய்யலாம் என்கிறது. தனியார் சட்ட இதழ்கள் தீர்ப்புகளுக்கு எழுதிச் சேர்க்கும் தலைக்குறிப்புகளுக்கு உரிமை கோரலாம், ஆனால் தீர்ப்பின் மூல வாசகம் எவருடைய தனிச்சொத்தும் அன்று என்பதை 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்கு அடுத்த மாதம், 2008 ஜனவரியில், 'இந்தியன் கானூன்' என்ற இலவசத் தேடுதளம் தொடங்கப்பட்டது. அதுவரை சந்தா கட்டும் வழக்கறிஞர்களுக்கு மட்டுமே எளிதில் எட்டிய தீர்ப்புகளைக் கல்லூரி மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் தேடிப் படிக்கும் நிலையை ஏற்படுத்தியதில் அத்தளத்தின் பங்கு மிகப் பெரியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தன் அதிகாரபூர்வ அறிக்கைத் தொகுப்பில் உள்ள சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமாக இணையத்தில் வைத்தது. இப்போது அவற்றில் ஒரு பகுதி தமிழ் மொழிபெயர்ப்பிலும் கிடைக்கிறது.

உங்களுக்கு வேண்டியது ரிட் மனு ஒன்றின் உத்தரவு, அதாவது அரசுக்கு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தாக்கல் செய்யும் மனுவின் மீதான உத்தரவு. நீதிமன்றங்களின் பொது இணையதளமான இ-கோர்ட்ஸ் சேவைத் தளத்திலும், தீர்ப்புகளுக்கென்றே உள்ள தேடுதளத்திலும் மனுதாரர் பெயர், எதிர்மனுதாரர் பெயர், வழக்கு எண், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். 2004 ஜூலைக்குப் பிறகு தென்மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளையில் தாக்கலாகின்றன என்பதையும், அங்குள்ள வழக்கு எண்களில் 'எம்.டி.' என்ற குறிப்பு சேர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சென்னையின் பட்டியலில் தேடிக் கிடைக்காமல், அப்படியொரு வழக்கே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. வழக்கு எண்ணே தெரியாவிட்டால், அதைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் நீதிமன்றம் அன்று, அரசு அலுவலகம்தான். ஆக்கிரமிப்பு அகற்றம் தொடர்பாக வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ அனுப்பிய எந்தக் கடிதத்திலும் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்ற பகுதி இருக்கும். நீதிமன்ற உத்தரவின் எண்ணும் நாளும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அத்தகைய கடிதத்தின் நகல் ஒன்று கைக்கு வந்தால் போதும், உத்தரவைத் தேடி எடுத்துவிடலாம்.

இணையத்தில் இறக்கிக்கொள்ளும் பிரதி படிப்பதற்கும் பிறருக்குக் காட்டுவதற்கும் போதுமானது. அதை மற்றொரு நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட வேண்டுமென்றால் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். இறுதி உத்தரவோடு நின்றுவிடாமல் இடைக்கால உத்தரவுகளையும் பாருங்கள். ஆக்கிரமிப்பு வழக்குகளில், "ஆக்கிரமிப்பாளர்களுக்குச் சட்டப்படி அறிவிப்பு கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு, இத்தனை வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும்" என்ற பாணியில்தான் பெரும்பாலான இறுதி உத்தரவுகள் அமையும். 'அகற்றச் சொல்லி உத்தரவு' என்று ஊர் நம்புவதற்கும் உத்தரவின் உண்மையான வாசகத்துக்கும் இடையே இப்படி ஒரு வேறுபாடு இருக்கக்கூடும். மூல வாசகத்தைப் படிக்காமல் அடுத்த நடவடிக்கைக்குப் போகக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இனி, உங்கள் மனுவை நீதிமன்றம் ஏன் திருப்பியது என்பதற்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, அதன் 22-ஆம் பிரிவு, முரண்படும் பிற சட்டங்கள் எதுவாயினும் இச்சட்டமே மேலோங்கும் என்றது. எனவே நீதிமன்றக் கட்டுகளையும் இச்சட்டத்தின் கீழ்க் கேட்கலாம் என்று பலரும் கருதினார்கள். குஜராத் உயர் நீதிமன்றத்தில் இரு வழக்குகளின் ஆவணங்களைக் கேட்ட ஒருவருடைய மனு, பத்தாண்டுப் பயணத்துக்குப் பிறகு 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான மூவர் அமர்வு, உயர் நீதிமன்றங்கள் அரசமைப்பின்படி இயற்றிய விதிகளிலேயே நகல் பெற வழி இருக்கும்போது அவற்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்துக்கும் முரண்பாடு இல்லை என்றும், ஆகவே 22-ஆம் பிரிவு குறுக்கே வராது என்றும் தீர்ப்பளித்தது. நீதித்துறைப் பணியின் போக்கில் நீதிமன்றத்திடம் சேரும் தகவல்கள் வழக்காடிகளுடையவை. நீதிமன்றம் அவற்றை அவர்களுக்கான பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து. குஜராத் விதிகளின் 151-ஆம் விதிப்படி, மூன்றாம் நபர் ஒருவர் காரணங்களைக் கூறும் பிரமாணப் பத்திரத்தோடு விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளும், தரப்பினர் அல்லாதவர் தகுந்த காரணம் காட்டினால் நகல் பெறலாம் என்றே சொல்கின்றன. உங்களுக்கு வந்த பதில் இந்தத் தீர்ப்பின் விளைவு. அதைச் சட்டவிரோதமான மறுப்பு என்று சொல்வதற்கில்லை.

அத்தீர்ப்பின் முடிவு இன்று நடைமுறைச் சட்டம் என்பதை ஏற்றுக்கொண்டே, அதன் விளைவு எனக்கு ஏற்புடையதாக இல்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவு, கேட்பவர் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை என்று வரையறுத்திருக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் யோசித்துச் செய்த காரியம் அது. அரசின் தாளைக் கேட்கும் குடிமகன் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை, மறுக்கும் அலுவலர்தான் மறுப்பை நியாயப்படுத்த வேண்டும் என்பதே அதன் பொருள். நீதிமன்ற விதிகளில் இந்தச் சுமை மறுபடி கேட்பவர் தோளுக்கு மாறிவிடுகிறது. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், பஞ்சமி நிலம் போன்ற பொதுச் சொத்துகளைப் பற்றிய வழக்குகளில் எதிர்மனுதாரரே அரசுதான். அங்கே அரசு தாக்கல் செய்யும் எதிருரையும் நிலவர அறிக்கையும் எந்த வழக்காடியின் அந்தரங்கமும் ஆகா. குடும்ப வழக்கின் ஆவணத்தையும் பொதுநல வழக்கில் மாவட்ட ஆட்சியர் தாக்கல் செய்த அறிக்கையையும் ஒரே தட்டில் வைப்பதற்கு நியாயம் இல்லை. உயர் நீதிமன்றங்கள் தத்தம் விதிகளைத் திருத்தி, அரசு தரப்பின் ஆவணங்களை மட்டுமாவது காரணம் கேட்காமல் தர முன்வந்தால், அந்த 2020 தீர்ப்புக்கு எவ்வகையிலும் முரணாகாது. ஏனெனில் அத்தீர்ப்பு விதிகள் வழியே பெறுங்கள் என்றுதான் சொல்கிறதே தவிர, விதிகள் கடுமையாகவே இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

அதுவரை செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் அரசு தாக்கல் செய்த எதிருரையின் அலுவலகப் பிரதி அந்தத் துறையின் கோப்பிலும் இருக்கும். துறை ஒரு பொது அதிகார அமைப்பு. அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். எனவே எதிருரையை நீதிமன்றப் பதிவகத்தில் கேட்பதைவிட, வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்பது எளிது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றமே வெளிப்படையாகத் தடை விதித்திருந்தாலோ, வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்றாலோ மட்டுமே, விலக்குகளைப் பட்டியலிடும் 8(1) பிரிவின் 'பி' உட்பிரிவைக் காட்டி மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகாது.

நீதிமன்றத்தின் நிர்வாகம் சார்ந்த தகவல்கள் வேறு வகை. பணியிடங்கள், செலவுகள், நியமனங்கள், நிலுவை எண்ணிக்கை போன்றவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2019 நவம்பரில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் 28-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு உயர் நீதிமன்றமும் தனி விதிகளை வகுத்திருப்பதால், விண்ணப்பப் படிவத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

நீதிமன்றத் தரவு என்று பேசும்போது பலரும் தேசிய நீதித்துறைத் தரவுக் கட்டத்தைக் குறிப்பிடுவார்கள். மாவட்ட நீதிமன்றங்களுக்காக 2015-இல் பொதுப் பார்வைக்கு வந்த அது, பின்னர் உயர் நீதிமன்றங்களையும், 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தையும் உள்ளடக்கியது. மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதை இன்று எவரும் தம் கைப்பேசியில் பார்க்க முடிகிறதென்றால் அது சாதாரண முன்னேற்றம் அன்று. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று தரப்படுகிறது. அந்த எண் இருந்தால் அடுத்த வாய்தா என்று, யார் முன் நிற்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒதுக்கிய தொகை 7,210 கோடி ரூபாய்.

இவ்வளவும் ஒவ்வொரு வழக்காகப் பார்ப்பதற்குத்தான் பயன்படுகிறது; மொத்தமாக எடுத்து ஆராய்வதற்கு வழி அடைபட்டே கிடக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். கணினி வழியே தரவைப் பெறும் இணைப்பு வசதியோ அரசுத் துறைகளுக்கும் நிறுவன வழக்காடிகளுக்குமே அளிக்கப்படுகிறது. ஆகப் பெரிய வழக்காடியான அரசுக்குக் கிடைக்கும் வசதி, அந்த அரசை எதிர்த்து வழக்காடும் குடிமகனுக்கும் அவருக்காக ஆராயும் ஆய்வாளருக்கும் கிடைக்கவில்லை. திறந்த தரவு இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 2010 முதல் 2018 வரையிலான சுமார் 8 கோடி வழக்குகளின் விவரங்களை ஓர் ஆய்வாளர் குழு இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து திரட்டியது. நீதிபதிகள் தம் பாலினத்தையோ மதத்தையோ சேர்ந்த குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்குச் சலுகை காட்டுகிறார்களா என்பதை அதைக் கொண்டு அவர்கள் சோதித்தார்கள். மொத்தத்தில் அத்தகைய சார்பு தென்படவில்லை என்று கண்டார்கள். நீதித்துறையின் மதிப்பை உயர்த்தும் இப்படியொரு முடிவு, தரவு வெளியே வந்ததால்தான் சாத்தியமாயிற்று. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளில் எத்தனை உத்தரவுகள் குறித்த காலத்துக்குள் நிறைவேறின, எத்தனை அவமதிப்பு மனுக்களாகத் திரும்பி வந்தன என்பதையும் இதேபோல் கணக்கிட முடியும். இன்று அதைச் செய்ய முயல்பவர் வழக்கு வழக்காகக் கையால் எடுத்தாக வேண்டும்.

தனியுரிமை பற்றிய அக்கறை இங்கே நியாயமாகவே எழும். நீதிமன்ற ஆவணம் என்பதாலேயே எல்லாமே ஊருக்குத் தெரிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுண்ணிய வழக்குகளுக்கு விலக்களித்தது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் ஆகாது, அதைப் பொதுத் தளத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் சொன்னது. இவற்றைவிடச் சிக்கலானது, விடுதலையானவர்களின் பெயர் பற்றிய கேள்வி. குற்ற வழக்கொன்றில் விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பில் உள்ள தன் பெயரை நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அதற்கான சட்ட ஏற்பாடு இல்லை என்று 2021-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இருவர் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும் தேடுதளத்திலிருந்து தீர்ப்பை நீக்கவும் பணித்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. விடுதலையான மனிதர் வேலைக்கும் திருமணப் பேச்சுக்கும் போகுமிடமெல்லாம் அந்தத் தீர்ப்பு முன்னே போய் நிற்பது கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. பெயருக்குப் பதில் எழுத்துக்குறியிட்டு அக்கொடுமையைத் தவிர்க்கலாம். தீர்ப்பையே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டால், காவல்துறை எப்படிப் பிழையாக விசாரித்தது, நீதிமன்றம் ஏன் விடுவித்தது என்பதும் சேர்ந்தே மறைந்துவிடும்.

இப்போது வருவாய்த் துறைக் கோப்பு. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் என்பது நினைவில் வைக்கத்தக்கது. விலக்குகள் மிகுந்திருந்த அச்சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உந்துவிசையாக இருந்தவர்கள், ராஜஸ்தானில் அருணா ராய் முதலியோரோடு சேர்ந்து கூலிப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் ஊர் நடுவே படித்துக் காட்டிய உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமே. அச்சட்டத்தின் கூர்மை இன்றும் மழுங்கிவிடவில்லை, கேட்கும் முறை சரியாக இருந்தால்.

முதலில் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் முதல் வகைக்கே உரியது. அந்த ஏரிகளை அளந்து எல்லைகளைக் காட்டும் வரைபடமும் பதிவேடும் தயாரிக்க அச்சட்டம் வகை செய்கிறது. இரண்டாம் வகைக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பயன்படும். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஆனால் நடைமுறையில் அதில் காலம் வீணாகும்.

"ஆக்கிரமிப்பு குறித்து எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றுதான் பதில் வரும். இச்சட்டம் இருக்கும் பதிவைத் தரச் சொல்கிறதே ஒழிய, விளக்கமோ கருத்தோ தயாரித்துத் தரச் சொல்லவில்லை என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் விடைத்தாள் வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆகவே தாள்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்ன புல எண்ணுக்கான 'அ' பதிவேட்டின் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) பகுதி, புலப்பட நகல், இன்ன பசலிகளுக்கான (வருவாய் ஆண்டுகள்) அடங்கல் (நிலப் பயன்பாட்டைக் காட்டும் கிராமக் கணக்கு), கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய பி-மெமோக்கள் (ஆக்கிரமிப்பு பற்றிய அறிக்கைகள்), ஆக்கிரமிப்பாளர்களுக்குக் கொடுத்த அறிவிப்புகள், நில அளவையரின் அறிக்கை, உயர் நீதிமன்ற உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு, அதன் மீது திறக்கப்பட்ட கோப்பின் ந.க. எண் (அலுவலகம் கோப்புக்கு இடும் எண்), அக்கோப்பின் குறிப்புப் பகுதி என்று வரிசையாக எழுதுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். பார்வையிட்டபின் வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் செலுத்தி நகல் பெறலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரேனும் கேட்டால் 6(2) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, 6(2) பிரிவு கவனத்தில் கொள்ளப்படவில்லை என்பது தெரிந்ததும் சில நாட்களுக்குள் தானாகவே அப்பகுதிகளை நீக்கியது. தன் பிழையை அவ்வளவு விரைவில் திருத்திக்கொண்ட அந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்ற பதிலுக்கு வருகிறேன். 8, 9-ஆம் பிரிவுகளில் உள்ள விலக்குகளில் 'காணாமற்போனது' என்று ஒன்று இல்லை. ஒரு காலத்தில் அரசிடம் இருந்த பதிவைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கைகழுவ முடியாது, முறையாகத் தேடி, காணாமற்போனதற்குப் பொறுப்பானவரைக் கண்டறிய வேண்டும், தகவல் ஆணையம் அதற்கு விசாரணைக்கும் உத்தரவிடலாம் என்று 2013-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் கோப்புப் பதிவேட்டின் சம்பந்தப்பட்ட பக்கத்தையும், கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு உத்தரவையும் கேளுங்கள். வருவாய்த் துறையின் பழைய ஆவணங்கள் சிலவற்றின் மற்றொரு பிரதி நில அளவை அலுவலகத்திலோ, மாவட்டப் பதிவறையிலோ, மிகப் பழையதானால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இருக்க வாய்ப்புண்டு. முதல் மேல்முறையீட்டிலும் தீர்வு கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்குத் தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தில் விசாரணைக்கு வர நெடுங்காலம் ஆகும் என்பதால் முதல் மேல்முறையீட்டையே முழு ஆதாரங்களோடு எழுதுங்கள்.

புதிதாக வந்திருக்கும் தடையையும் அறிந்துகொள்வது அவசியம். 8(1)-இன் 'ஜே' உட்பிரிவு முன்பு, பொது நடவடிக்கையோடோ பொதுநலனோடோ தொடர்பில்லாத, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் விவரத்தை மட்டுமே விலக்கியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அங்கே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின்படி தனிநபர் தகவல் என்றாலே அது விலக்குக்குள் வந்துவிடுகிறது. ஆக்கிரமிப்பாளர் பட்டியலைக் கேட்டால் இனி இதைக் காட்டி மறுப்பார்கள் என்றே எதிர்பாருங்கள். நிலத்தைப் பிடித்திருப்பவர் பெயரும், அதற்குத் துணைபோன அலுவலர் பெயரும் தனிநபர் தகவல் என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இத்திருத்தம் இடம் தருகிறது என்பதால் இதைக் கேடான மாற்றமாகவே கருதுகிறேன். ஆயினும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: பொதுநலன் மேலோங்கும்போது விலக்குக்குட்பட்ட தகவலையும் தரலாம். உங்கள் மனுவிலேயே அப்பிரிவைச் சுட்டி, ஏரி பொதுச் சொத்து என்பதையும், உயர் நீதிமன்ற உத்தரவு இருப்பதையும் எழுதுங்கள். பெயர்களை மறைத்தாவது மீதியைத் தரும்படி 10-ஆம் பிரிவின் கீழ் மாற்றுக் கோரிக்கையும் சேர்த்துவிடுங்கள்.

மனு போடாமலே கிடைப்பவையும் உண்டு. 'அ' பதிவேட்டையும் பட்டா விவரத்தையும் அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம். புறம்போக்கு என்று பதிவாகியுள்ள புல எண்ணில் யாருக்கேனும் பட்டா மாறியிருந்தால் அதுவே தெரிவித்துவிடும். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைத் தேடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தை எவரும் பார்வையிட்டு நகல் பெறலாம். உயில்களுக்குரிய மூன்றாம் புத்தகத்துக்கும், இதர ஆவணங்களுக்குரிய நான்காம் புத்தகத்துக்கும்தான் கட்டுப்பாடு. நீங்கள் அந்தச் சொத்தோடு தொடர்பில்லாதவர் என்பது முதல் புத்தகத்தைப் பொறுத்தவரை தடையே அன்று.

கிடைத்த ஆவணங்களை ஊரில் வெளிப்படையாகக் காட்டலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, காட்டலாம் என்பதே என் பதில். 1994-இல் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய கேள்வி எழுந்தது. நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொதுப் பதிவுகளில் இடம்பெற்றுவிட்ட செய்தியை வெளியிடுவதற்குத் தனியுரிமை தடையாகாது என்றும், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்கள் போன்றோருக்கு மட்டும் விலக்கு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் அதில் வகுத்துரைத்தது. உத்தரவின் வாசகத்தைக் கிராம சபையில் படித்து, அதை நிறைவேற்றக் கோரும் தீர்மானத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதும் அதன் நகலையும் கேட்டு வாங்கி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும் மனுவோடு இணையுங்கள். உத்தரவில் குறித்த கெடு கடந்திருந்தால் அவமதிப்பு மனு தாக்கல் செய்வதற்கு ஓராண்டு வரம்பு இருக்கிறது என்பதால், உத்தரவின் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.